ஊசிமருந்துப் போத்தலில் மை

பாலாம்பிகைக்கு ஆத்திரம் வந்தால் அழுகை வராது, வேலைதான் வரும். இரண்டாயிரத்து ஏழில் அவளுடைய கணவன் தேவராசாவைச் சோதனைச் சாவடியில் பிடித்துப் பொலிஸில் அடைத்தார்கள். அன்று மாலையே கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை வாடகை வீட்டின் அலுமாரிகளை எல்லாம் கவிழ்த்துத் திரும்ப அடுக்கினாள். பார்க்க வந்த அயலட்டைச் சனம், கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டு போனது. முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

பிடிபட்ட காரணம் மை. கம்பியூட்டர் பிரிண்டருக்குப் போடுகிற சாதாரண மை.

சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்தவர்கள் இவர்கள். தேவராசா கிளார்க்காக இருந்த கந்தோர் மூடப்பட்ட பிறகு, தீர்ந்துபோன காட்ரிஜ்களுக்கு வீட்டில் வைத்தே மை ஏற்றிக் கொடுக்கலாம் என்று அவர்தான் தொடங்கினார். தொடங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். முதல் நாள் ஊசியை ஒரே அமுக்காக அமுக்கி மேசை, வேட்டி, கன்னம் எல்லாவற்றையும் கறுப்பாக்கினார். பாலாம்பிகை காலையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவள். ஊசியை அவர் கையிலிருந்து பறித்தாள். காட்ரிஜின் மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்து, சின்னத் துளைக்குள் ஊசியை இறக்கி, உள்ளே இருக்கும் பஞ்சு குடிக்கக் குடிக்க மெதுவாக விட்டாள். அவசரப்பட்டால் காற்றுப் புகுந்துவிடும், பிறகு எழுத்து விழாது. அன்றிலிருந்து ஏற்றுவது அவள், கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கதையளப்பது அவர்.

தெல்தெனியவில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்காரர் மட்டும் காட்ரிஜை வெளியே கொடுக்கமாட்டார், தன் கண் முன்னால்தான் ஏற்றவேண்டும். அதற்காகத் தேவராசா மையைச் சுமந்துகொண்டு போவார். ஒருமுறை பஸ்ஸில் போத்தல் ஒழுகி, பக்கத்திலிருந்தவர் உடுத்திருந்த வெள்ளைச் சாரம் நாசமாய்ப் போனது. அதன் பிறகுதான் பாலாம்பிகைக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. டிஸ்பென்சரியில் எறிகிற ஊசிமருந்துப் போத்தல்களை எடுத்துவந்து, அவித்துக் கழுவி, மையை நிரப்பி றப்பர் மூடியை இறுக்கினாள். ஊசியால் குத்தி உறிஞ்சினால் ஒரு சொட்டும் சிந்தாது. தன் கெட்டித்தனத்தில் அவளுக்கே பெருமை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று சொல்லும் அடையாள அட்டை ஒன்றே சண்டை நடந்த அந்த நாட்களில் சந்தேகத்துக்குப் போதும். இவரோ பெயரில்லாத பன்னிரண்டு மருந்துப் போத்தல், அதற்குள் கறுப்புத் தண்ணீர், நாலு சிரிஞ்ச் என்று பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். விடுவார்களா?

முதல் நாள் பொலிஸுக்குப் போனாள், நாளைக்கு வா என்றார்கள். இரண்டாம் நாளும் அதே பதில். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, பிடிபட்ட பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற தாய்மாரோடு அவளும் நின்றாள். வாசலில் நின்ற கொன்ஸ்டபிள், திங்கட்கிழமை ஆளைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்று மெல்லச் சொன்னான். கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. போத்தலில் மை ஊற்றியது அவள், உள்ளே கிடப்பது அவர். இன்றைக்கு அவரில்லாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தாள்.

யாரும் கூப்பிடாமலே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். அவருடைய மேசையில் பன்னிரண்டு போத்தலும் சான்றுப் பொருளாக அடுக்கியிருந்தன. பேச்செல்லாம் சிங்களத்தில்தான். அவளுடைய சிங்களம் நொண்டியடித்தது, ஆனால் நிற்கவில்லை.

"சேர், இது மை. பிரிண்டருக்குப் போடுறது."

"அதைக் கொழும்பில் பரிசோதித்துச் சொல்லுவாங்க."

"கொழும்பு என்னத்துக்கு? உங்கட பிரிண்டரிலயே ஏத்திக் காட்டுறன். எழுத்து விழாட்டி என்னையும் சேர்த்து அனுப்புங்கோ."

மூலையில் பிரிண்டரோடு இருந்து கடிதம் அடிக்கும் எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தினார். ஒரு கிழமையாக மை இல்லை, தலைமையகத்துக்கு எழுதியும் பதிலில்லை என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். பொறுப்பதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு போத்தலையும் சிரிஞ்சையும் அவள் பக்கம் தள்ளினார்.

அறைக்குள் நாலைந்து பொலிஸ்காரர் கூடிவிட்டார்கள். பாலாம்பிகை உதட்டைக் கடித்துக்கொண்டு, பிரிண்டரின் காட்ரிஜைக் கழற்றி, வீட்டில் எப்படியோ அப்படியே, சொட்டுச் சொட்டாக இறக்கினாள். அதன் வாய்த் துளையை ஈரத் துணியில் ஒற்றினாள். துணியில் கறுப்புக் கோடு தெளிவாக விழுந்தது.

"என்ன அடிக்கிறது?" என்று கேட்டார் எழுதுவினைஞர்.

"என்ர மனுசனை விடுற கடிதத்தை அடியுங்கோ."

ஒருவன் பக்கென்று சிரித்தான். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. போத்தல்களையும் துணியில் விழுந்த கறுப்புக் கோட்டையும் பார்த்துவிட்டு, "அடி" என்றார். கடிதம் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. வாசித்தார், கையெழுத்துப் போட்டார்.

தேவராசாவைக் கூட்டிவந்தார்கள். மூன்று நாளில் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது.

"வாரும், கெதியாய்ப் போவம். இவங்கட மனம் மாறமுந்தி," என்று அவர் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார்.

பின்னால் பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாலாம்பிகை திரும்பிப் பார்த்தாள். எழுதுவினைஞர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பெடியன்கள் ஆறு பேர் உள்ளே இருக்கிறார்கள், அடையாள அட்டை இல்லாமல் பிடிபட்டவர்கள். விடச்சொல்லிச் செவ்வாய்க்கிழமையே உத்தரவாகிவிட்டது, கடிதம் அடிக்கத்தான் மை இல்லை என்றார். இரண்டாவது கடிதத்தின் பாதியில் எழுத்து மங்கியது. பஞ்சு காய்ந்து கிடந்ததால் ஒரு ஊசி மை போதவில்லை.

பாலாம்பிகை கணவனின் கையை விட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த போத்தலை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, வாசலில நிக்கிற தாய்மாரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. ஒருத்தரும் வீட்டை போகவேண்டாம், பிள்ளையள் வருகினம் எண்டு."