மிச்சம் பூஜ்யமாக வர வேண்டும்

எங்கள் அத்தானுக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை. கரண்ட் போன வீட்டுக்காரர்கள் எல்லாம் அவருக்குத்தான் போன் செய்து கத்துவார்கள். "அரை மணி நேரத்துல வந்துடும் சார்" என்று எல்லோருக்கும் ஒரே பதில். ஆனால் அவர் குடியிருந்த தெருவில் மட்டும் கரண்ட் போகவே போகாது. லைன்மேன் கையைக் காலைப் பிடித்தாவது காப்பாற்றிவிடுவார். தெருவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. படுக்கையறையில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை என்பது தெருவுக்குத் தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு ராட்சச எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் அது மீதியில்லாமல் வகுபடாவிட்டால் பகா எண். உலகத்திலேயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்க வேண்டும் என்பது அத்தானின் வெறி. அலுவலகத்தில் 'பகா சார்' என்ற பெயரை ஏற்கெனவே வாங்கிவிட்டார்.

வீட்டில் இருந்த ஒரே ஏசியும் அந்த மெஷினுக்குத்தான், சூடாகக் கூடாதாம். அதன் இரைச்சலில் தூக்கம் வராமல் அக்கா தலையணையோடு ஹாலுக்குக் குடிபோய் வெகுநாளாகிவிட்டது. சக்களத்தி என்றாலாவது முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். "இந்த ஒரு எண் முடியட்டும், எல்லாத்தையும் ஏறக்கட்டிடறேன்" என்று அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அதை நம்பிக் காத்திருந்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

சோதனை முடிகிற அன்று நானும் போயிருந்தேன். சாதாரண வகுத்தல் மாதிரி இல்லை, இந்தச் சோதனையில் கடைசி மிச்சம் பூஜ்யமாக வந்தால்தான் பகா எண். திரையில் வந்தது பூஜ்யம் இல்லை, வாயில் நுழையாத ஏதோ ஒரு நீள எண். அத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அக்கா.

"பகா எண் இல்ல. பிரியும்."

"எதால பிரியும்?"

"அது தெரியாது. இந்தச் சோதனை பிரியுமா பிரியாதான்னு மட்டும்தான் சொல்லும். எதாலன்னு சொல்லாது. அதுதான் இதோட அழகே!"

சொல்லிக்கொண்டே அடுத்த எண்ணைத் தட்டி ஓடவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு ஹாலுக்குப் போய்ப் பெட்டியை இழுத்து, துணிகளை அடுக்கினாள்.

"தம்பி, ஒரு வண்டி கூப்பிடுடா."

அத்தான் பதறிப்போய் ஓடி வந்தார். "இப்ப என்ன ஆயிடுச்சுன்னு கிளம்பறே? காரணத்தையாவது சொல்லிட்டுப் போ!"

"பிரியும்னு தெரிஞ்சுபோச்சுங்க. எதாலன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். அத்தானும் கண் கலங்கப் பின்னாலேயே வந்தார். வாசல்வரை வந்தவர் சட்டென்று நின்றார். ஏசி அறைக் கதவு திறந்து கிடந்தது. "ஒரு நிமிஷம் இரு, இதோ வந்துட்டேன்" என்று அதைச் சாத்த உள்ளே ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது.