தொட்டிக்குள் எழுதியது

பத்து வயதில் எனக்கு ஒரு பெரியப்பா, இரண்டு சித்தப்பா, அவரவருக்குரிய பெரியம்மா, சித்திகள் என்று திடீரென்று ஒரு கூட்டமே சொந்தமாக வந்து சேர்ந்தது. ஒருவரும் ரத்த உறவில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலையை விட்டுவிட்டு அப்பா ஊழியத்துக்கு வந்திருந்தார். தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு ஜெபக்கூடம், அதை ஒட்டி வரிசையாக நான்கு அறை, நான்கு குடும்பம், ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. பாஸ்டரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆதிச் சபையில் எல்லாம் பொது என்பார் அவர். எல்லாம் என்றால் எல்லாம்தான். சோப்பு பொது, செருப்பு பொது. காலையில் நான் எதற்காக அழுதேன் என்பதுகூடச் சாயங்கால ஜெபத்தில் எல்லோருக்கும் பொது.

இதில் என் குற்றம் ஒன்றுதான். நான் பேசமாட்டேன். கூட்டத்தில் அரைமணி உட்கார்ந்தாலே எனக்குத் தலை கனத்துவிடும். உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். "அவங்கம்மாவ பாரு, எப்பவும் சிரிச்ச மொகமா கீறாங்க. இது யாரு மாதிரி?" என்று பெரியம்மா வருவோர் போவோரிடமெல்லாம் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா சிரித்துக்கொண்டே பதினெட்டுப் பேருக்குச் சோறு வடிப்பாள். பாட்டென்றால் முதல் குரல் அவளுடையது.

கடைசியில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது. ஜெபக்கூடத்து மேடைக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டி. முழுக்குக் கொடுக்கும் நாளில்தான் தண்ணீர் நிரப்புவார்கள். மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும்; மேலே பலகை அடுக்கி ஜமுக்காளம் விரித்திருக்கும். ஓரத்தில் இரண்டு பலகையை நகர்த்தினால் உள்ளே இறங்கிவிடலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரைமணி நேரம் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன். ஜெபம்கூடப் பண்ணமாட்டேன்.

ஒருநாள் இறங்கினால், படியில் ஒரு டம்ளர்! அடியில் கொஞ்சம் சுக்குக் காப்பி. பக்கத்தில் நாலாய் மடித்துப் போட்ட கோணிச் சாக்கு. எனக்கு வந்த ஆத்திரம்! இந்தக் குழியையுமா விட்டுவைக்க மாட்டார்கள்? ஞாயிறு வகுப்புச் சாக்பீஸை எடுத்துவந்து தொட்டிச் சுவரில் பெரிதாக எழுதினேன்: 'இது என் இடம். யாரும் வரக் கூடாது.' மறுநாள் டம்ளரும் இல்லை, சாக்கும் இல்லை. அதற்கப்புறம் அந்த ஆள் வரவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

தொட்டி என்றிருந்தால் ஒருநாள் முழுக்கும் வரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஞானஸ்நானத்துக்காகத் தொட்டி கழுவ எல்லோரும் கூடினார்கள். பலகைகளைத் தூக்கியதும் பெரியப்பா துடைப்பத்தோடு உள்ளே இறங்கினார். சுவரில் இருந்ததைப் பிரசங்கக் குரலில் உரக்க வாசித்தார்.

"யாரு எழுதினது இது?"

எல்லாக் கண்ணும் என் மேல்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியம்மா. "இதுக்கு ஊமை ஆவி புடிச்சிக்கினு கீது. மூணு நாளு உபவாசம் போட்டு ஜெபிக்கணும்."

ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தால் அது பேய்! நாள் முழுக்க அடுத்தவர் கதையைப் பேசினால் அது ஐக்கியம்! இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மா வந்தாள், கையெல்லாம் வெங்காயத் தோல். "அது நான் எழுதினது" என்றாள்.

"இன்னா சிஸ்டர் சொல்றீங்க?"

"நான்தான் பாஸ்டர். அங்க போய் குந்திக்கினு இருக்கறது நான்தான்."

அந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று, தினம் என் வீட்டுப்பாட நோட்டைப் பார்க்கும் அப்பாவுக்குத் தெரியாதா? அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவை முழங்கால் போட வைத்து, அவள் தலைமேல் எல்லோரும் கைவைத்து, பெருமையின் ஆவி போக, பிரிவினையின் ஆவி போக என்று சத்தம்போட்டு ஜெபித்தார்கள். அப்பாவின் கையும் அதில் இருந்தது. முடிந்ததும் அம்மாவே தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவினாள். ஞானஸ்நானம் முடிந்த கையோடு பலகைகளின் மேல் ஒரு பீரோவை நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

நியாயமாக எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். இருந்ததே ஒரே ஒரு இடம், அதையும் அம்மா தன்னுடையது என்று சொல்லிவிட்டாளே!

"ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"தட்ட எடுத்து வை. எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாததை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்!

இப்போது அம்மா என் வீட்டுக்கு வந்தால், மத்தியானம் ஒரு டம்ளரோடு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரைமணி நேரம் சத்தமே இருக்காது. முதல் தடவை அந்த டம்ளரைக் கழுவ எடுத்தபோது சுக்கு வாசனை மூக்கில் ஏறி, கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நான்கு குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் பால் டீதான்.

அம்மா அன்றைக்குச் சொன்னதில் எழுதியது மட்டும்தான் பொய்; அங்கே போய் உட்கார்ந்திருந்தது நிஜமாகவே அவள்தான். பாஸ்டர் பீரோவை நகர்த்துவதற்கு வெகுநாள் முன்பே அவளை அங்கிருந்து துரத்திவிட்டது நான்தான் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.