பெரிசாக விடாத மருந்து

பென்னலூரில் நானும் என் தோழியும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து விலங்கியல் படித்துவிட்டு, ஒரகடம் தொழிற்சாலையில் ஒரே லைனில் டிரெய்னி ஆனவர்கள். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் புது அடையாள அட்டை தருவார்கள்; போட்டோ மாறும், டிரெய்னி என்பது மாறாது. அன்றைக்கு அவளை மட்டும் பெர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். நான் எதில் குறைச்சல்? லீவு போட்டேனா, ஓ.டி. மாட்டேன் என்றேனா?

அறைக்குத் திரும்பினால், தண்ணீர்த் தொட்டி அருகே வீட்டுக்கார அம்மா கத்திக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா இது? பஞ்சாயத்து ஆளு கொசு மருந்து வூத்திட்டுப் போனான், புழு இன்னும் நெளிஞ்சிக்கினு கீது. டூப்ளிகேட் மருந்து!”

அவர் கையிலிருந்த மருந்து உறையை வாங்கிப் படித்தேன். புரிந்துவிட்டது. புழுவின் உடம்பில் இளமை ஹார்மோன் என்று ஒன்று சுரக்கும். அது இருக்கும்வரை தோலுரித்துத் தோலுரித்துப் பெரிய புழுவாக மட்டுமே ஆகும். அது வற்றினால்தான் கூட்டுப்புழு, பிறகு சிறகு. இந்த மருந்து அந்த ஹார்மோன் மாதிரியே வேஷம் போடும். வேளை வந்த பிறகும் ‘இன்னும் வரலை’ என்று உடம்பை ஏமாற்றும்.

“இது ஒடனே கொல்லாதும்மா. கொசுவா மாற விடாது. கூட்டுக்குள்ளயே செத்துரும்” என்றேன்.

“அய்யே! அதுக்கு ஒரேடியா சாவடிச்சிடலாமே.”

பக்கத்தில் நின்ற தோழி சிரித்தாள். “ஏட்டி, நம்ம டிரெய்னி கத மாதிரில்லா இருக்கு!”

‘நம்ம’வாம், ‘நம்ம’! எனக்குச் சுருக்கென்றது. “ஒனக்குத்தான் ரெக்க மொளச்சாச்சுல்லா, இன்னும் என்ன நம்ம?” என்று வெடித்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். பெர்மனென்ட் ஆட்களுக்குத் தரும் நீலச்சட்டை கையில் இருந்தது. “எனக்குத் தொளதொளன்னு இருக்குட்டி. நீ போட்டு நில்லு, ஊக்கு குத்திப் பாக்கேன்.”

வேண்டாவெறுப்பாக மாட்டினேன். தோள், கை, நீளம், எல்லாம் எனக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் பார்த்தாள்.

பிறகு, “அசையாம நில்லு” என்று, தன் அளவுக்கு என் மேலேயே அதைப் பிடித்து ஊக்கு குத்த ஆரம்பித்தாள்.