எடைக்கல்

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில், சர்க்கரை நோயாளிகளின் உடல் எடையைக் குறைக்கும் புது ஊசியைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று ஊசி போடும் நர்சுக்கே தெரியாது. நானும் சேர்ந்திருந்தேன்.

அங்கேதான் அவரைச் சந்தித்தேன். குன்னம் பக்கம் வெங்காய மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். பெருத்த வயிறு, வெங்காயச் சருகு ஒட்டிய சட்டை. எடை மெஷினில் ஏறுமுன் ஒவ்வொரு முறையும் குனிந்து, அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார்.

மாதங்கள் போயின. என் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அவர் வயிறோ அப்படியே இருந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"உங்களுக்கு வெறும் ஊசி போலருக்குங்க. வீணா அலையறீங்களே?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒரு தட்டுல எடைக்கல்லு வைக்காம வெங்காயம் எவ்வளவுன்னு எப்படிங்க சொல்றது? கோவிச்சுக்காதீங்க, நீங்க வெங்காயம். நான் கல்லா இருந்துட்டுப் போறேன்."

சோதனை முடிந்தபின் அவரைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் மெஷினில் ஏறுமுன் நானும் குனிந்து பூஜ்யத்தைப் பார்க்கிறேன். எதிர்த்தட்டில் அவர் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றுகிறது.