கப்பலில் வந்த சொல்

தட்டில் அளவாகப் பாஸ்தா விழுந்த பிறகும் மாக்கிரட்டின் கை நிற்காது. இன்னும் ஒரு கரண்டி அள்ளி, தட்டுக்கு மேலே பிடித்தபடி காத்திருப்பார். சின்யோரா றொசாலியா உள்ளங்கையால் தட்டை மூடி, "போதும்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் கரண்டி சட்டிக்குத் திரும்பும்.

இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்து மூன்றாம் மாடி வீட்டில், பதினான்கு வருடமாக மத்தியானம் இப்படித்தான். சின்யோராவுக்கு எண்பத்தைந்து வயது. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. மன்னாரிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த மாக்கிரட் கற்றுக்கொடுத்ததல்ல.

சின்யோரா பிறந்தபோது தகப்பன் இரண்டாம் உலகப் போர்முனையில் இருந்தார். பிரித்தானியரிடம் பிடிபட்டு, பெங்களூர்ப் பக்கத்து முகாமில் ஐந்து வருடம் கைதியாகக் கிடந்தார். போர் முடிந்த மறுவருடம், வீடு திரும்பும் சிப்பாய்களை ஏற்றிவந்த கப்பலொன்று அவரையும் கொண்டுவந்து இறக்கியது. ஆறு வயது மகள் அந்த மெலிந்த மனிதரைக் கண்டு தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று மேசையில் தாய் தட்டை நிறைக்க நிறைக்க, அவர் கையால் மறைத்துச் சொன்ன சொல்தான் "போதும்". முகாமில் சோறு போட்டவரிடம் கேட்டுப் பழகியதாம். வீட்டில் எல்லோரும் அதை இங்கிலீசு என்றே நினைத்திருந்தார்கள்.

வேலைக்கு வந்த முதல் நாளே அது காதில் விழ, மாக்கிரட் கரண்டியை நழுவவிட்டார். அது தன்னுடைய பாஷை என்று விளங்கப்படுத்த அவருக்கு அரைநாள் பிடித்தது. அவரிடம் அப்போதிருந்த இத்தாலியன் அவ்வளவுதான். கேட்டு முடித்த சின்யோரா, தனக்கு எதிரே இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து மாக்கிரட் குசினியில் நின்று சாப்பிட்டதில்லை.

"போதும் எண்டா நிப்பாட்டன். ஏனடி மனிசியை ஆக்கினைப்படுத்துறாய்?" என்று பூசை முடிந்து வரும்போது கூட்டாளி மரியமலர் சீண்டுவார்.

"அவ சொல்லவேணும் எண்டுதானே போடுறன். முழுநாளும் இத்தாலியன் கேட்டுக் களைச்ச காதுக்கு அது ஒண்டுதான். அந்தக் கப்பலுக்கும் சேர்த்துத்தான் நான் மெழுகுதிரி கொளுத்துறனான்."

கப்பலுக்கு மெழுகுதிரியா என்று மரியமலர் சிரிப்பார். மாக்கிரட் சிரிப்பதில்லை.

போன மாதம் சின்யோராவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குள் விழுங்கத் தொடங்காவிட்டால் மூக்கால் குழாய் விடவேண்டும் என்று மகள் கத்தரீனாவிடம் டொக்டர் சொல்லிவிட்டார். மாக்கிரட் கரட்டையும் உருளைக்கிழங்கையும் அவித்துக் களியாகக் கடைந்தார். வியாழன் ஊட்டியது கடைவாயால் வழிந்தது. வெள்ளி இரண்டு கரண்டி உள்ளே போனது.

சனி மத்தியானம் கத்தரீனா கதவடியில் நின்று பார்க்க, எட்டுக் கரண்டி இறங்கியது. மாக்கிரட் ஒன்பதாவதை அள்ளினார். போர்வைக்கு மேலே சின்யோராவின் இடக்கை மெல்ல ஊர்ந்து வந்து கிண்ணத்தை மூடியது.

"போ... து..."

கிண்ணம் மூடியிருந்தது. அள்ளிய கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல், மாக்கிரட் அதைத் தன் வாயில் வைத்து விழுங்கினார்.