செம்பு அண்டாவில் மாப்பிள்ளை

ஐம்பத்து நான்காவது வயதில் நான் ஒரு மீனுக்குப் பெண் பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தாமல் கட்டியும் வைத்தேன். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான காரியமில்லை. கட்டைவிரலடியில் இருக்கும் தழும்பைப் பார்த்து நாய் கடித்ததா என்று கேட்கிறவர்களிடம், ஆமாம் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

மீன் மகளுடையது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது காரைக்குடி வீட்டில் அவள் கவலைப்பட்டு விட்டுப்போன ஒரே உயிர் அதுதான்; பெற்றவர்கள் இருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஃப்ளவர்ஹார்ன் என்கிற ஜாதி. நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்டியதுபோல ஒரு புடைப்பு, சாணளவு உடம்பு, உயிரோடு போடும் குட்டி மீனைத் துரத்தி இரண்டாகக் கடித்துத் தின்னும் குணம்.

"அப்பச்சி, இவன் தனியாத்தேன் இருப்பான். கூட எதையும் விட்டுறாதீக. பொங்கலுக்கு வாரப்ப எனக்கு இவன் உசுரோட வேணும்" என்று அப்பாவான என்னிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

அந்தச் சமயம் அவளுக்குத்தான் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். மேசை நிறைய ஜாதகங்கள். நாளெல்லாம் பொருத்தம் பார்க்கிறவனுக்கு எதிரே கண்ணாடித் தொட்டியில் ஒருவன் ஒண்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் உறுத்தாதா? தனிமையைப் பற்றி ஓர் அலமாரி படித்திருக்கிறேன். மீனைப் பற்றி ஒரு பக்கம் படித்ததில்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரர் பெண் மீனைப் பையில் போட்டுக் கொடுக்கும்போதே சொன்னார். "நடுவுல கண்ணாடித் தடுப்பு வைங்கண்ணே. பத்துப் பதினஞ்சு நாள் பாத்துப் பழகட்டும். எடுத்த எடுப்புல விட்டீகன்னா கொன்னுபுடும்."

நானும் என் மனைவியும் கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொண்டது பத்து நிமிடம். மீனுக்கு மட்டும் எதற்குப் பதினைந்து நாள்? வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்த்துத் தொட்டியில் கவிழ்த்தேன்.

தொட்டி அதிர்ந்தது. அவன் பாய்ந்து அவள் வயிற்றைக் கவ்வி உலுக்க, செதில்கள் சிதறின. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. திரும்பி அவன் கீழுதட்டைப் பிடித்தாள். இரண்டும் வாயோடு வாய் பூட்டி உருண்டதை ஒரு கணம் நான் வேறு விதமாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் சிவந்த பிறகுதான் புத்தி தெளிந்தது. அடுப்படிக்கு ஓடிப் பலகாரம் அரிக்கும் கரண்டியை எடுத்து வருவதற்குள் அவள் குடல் தொங்க மிதந்தாள். அப்போதும் அவன் விடவில்லை. பிணத்தைக் கண்ணாடியோடு வைத்து முட்டினான். கரண்டி எட்டாமல் கையை விட்டேன். கட்டைவிரலடிச் சதையைக் கவ்வி ஒரு திருகு திருகினான். நான் அலறிக் கையை உதறியதில் தொட்டிக்கு வெளியே பறந்து, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் முகம் மோத விழுந்தான்.

அள்ளித் தொட்டியில் போட்டேன். உதடு கிழிந்து தொங்கியது. ஒரு கண் வெளுத்திருந்தது. விலாவில் விரலளவு சதையைக் காணோம். அவளைப் பின்கட்டு முருங்கையடியில் புதைத்தபோது எனக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கல்லுப்பு போட்டு, வேற நல்ல தண்ணியில வைங்கண்ணே" என்றார். வேறு தொட்டி ஏது? ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம்? மனைவி சீராகக் கொண்டுவந்தவை ஓர் அறை நிறைய, தொடுவாரில்லாமல் அடுக்கிக் கிடக்கின்றன. அதிலிருந்த பெரிய செம்பு அண்டாவை உருட்டி வந்தேன். செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று தினமும் காலையில் நானே ஒரு சொம்பு குடிக்கிறேன். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு அவனை இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அண்டா முழங்க ஆரம்பித்தது. தலையால் அவன் மோதிய மோதல் தெருவுக்கே கேட்டிருக்கும். எட்டிப் பார்த்தால், செவுளைப் பிளந்துகொண்டு, உடம்பெல்லாம் வெள்ளையாகச் சளி உரிய, மல்லாந்து துடிக்கிறான். சத்தம் கேட்டு வந்த மனைவி அண்டாவைப் பார்த்தாள். உப்பு ஜாடியைப் பார்த்தாள்.

"ஈயம் பூசாத செம்புல நாங்க மோரக்கூட ஊத்த மாட்டோம். நீங்க உப்புத் தண்ணிய ஊத்தி உசுரப் போட்டிருக்கீகளே! களிம்பு ஏறிச் சாகுது அது."

"செம்புத் தண்ணி நல்லதுன்னு புத்தகத்துல…"

"அங்குட்டுத் தள்ளுங்க."

ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டாள். வாலால் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். முப்பது வருடத்தில் நான் கனவிலும் துணியாத காரியம். அவள் பிடி தளரவில்லை. கிணற்றுத் தண்ணீர் நிறைத்த நீல பிளாஸ்டிக் டிரம்மில் கொண்டுபோய்ப் போட்டாள்.

பிறகு பதினோரு நாள் போர். தினமும் காலையில் அவள் அவனைத் துண்டோடு அமுக்கிப் பிடிக்க, கடைக்காரர் கொடுத்த மருந்தைப் பஞ்சில் தொட்டு நான் புண்ணில் வைப்பேன். அவன் பஞ்சைக் கிழிப்பான், துண்டைக் கிழிப்பான், கிடைத்தால் என்னையும். இரை மட்டும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள், "மொதல்ல அவனக் காட்டுங்க அப்பச்சி" என்பாள். "தூங்குறான்" என்பேன். பகல் பதினோரு மணிக்கு.

பன்னிரண்டாம் நாள் இறால் துண்டு ஒன்றை விரல் நுனியில் பிடித்து நீட்டினேன். அடியில் கிடந்தவன் சீறி வந்து, இறாலை விட்டுவிட்டு விரலைக் கவ்வினான். ரத்தம் டிரம்முக்குள் சொட்ட, "பொழச்சுட்டான், பொழச்சுட்டான்" என்று நான் கத்தினேன்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். அதற்குள் புண் ஆறி அவன் பழைய தொட்டிக்குத் திரும்பியிருந்தான். பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் மண்டியிட்டாள். கோணிய உதடும் வெள்ளைக் கண்ணுமாக அவன் வாலை ஆட்டி அவளிடம் வந்தான். அவள் தோளுக்குப் பின்னால் என் முகம் தெரிந்ததும் கண்ணாடியில் விட்டான் ஒரு முட்டு. தண்ணீர் தெறித்து என் சட்டை நனைந்தது. மனைவி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், நான் அவளிடம் உளறி வைத்திருந்த பத்து நிமிடத் தத்துவம் உள்பட.

"உசுரோட இருக்கான்ல?" என்றேன்.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கான். என் ஜாதகத்த மட்டும் ஆத்தாகிட்டக் குடுத்துருங்க, அப்பச்சி."