அண்ணிக்கு மூன்றாவது இடம்

என் சகலையின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த மனிதர் வாயைத் திறந்தால் ஆறரை அடிக்குக் குறைந்த யாரைப் பற்றியும் பேசமாட்டார்.

நாங்கள் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கர்ட்டன் கடை வைத்திருக்கிறோம். நான் மெஷினில் உட்கார்ந்து தைப்பேன். அவர் வீடு வீடாகப் போய் அளவெடுப்பார், சுவரில் துளை போட்டுக் கம்பி பொருத்துவார், திரையை மாட்டிவிட்டு வருவார். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. "ஏணி எதுக்குங்க இருக்கு?" என்பார். அந்த ஏணிக்கும் அவருக்கும் இருந்த விவகாரம் கூடவே இருந்த எனக்கே வெகுநாள் தெரியாது.

தொழில் கர்ட்டன் என்றால் உயிர் கூடைப்பந்து. அவர் ஆடியதில்லை. பந்தை ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறார், அதுவும் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனதை எடுத்துக் கொடுத்தபோது. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஆட்டம் டிவியில் வந்தால் ஒன்று விடமாட்டார். பார்ப்பதோடு நிற்காமல் ரேங்க் போடுவார். யார் பெரிய ஆட்டக்காரன் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"அது பாமரன் கேக்கற கேள்வி சகலை. எவனோட எந்த சீசன் உச்சம்? அதைக் கேளுங்க. ஒரு ஆளுக்கு ஒரே உச்சம்தான். ஏணிக்கு எத்தனை மேல்படி இருக்கு? ஒண்ணுதானே?"

இந்த ரேங்குக்கென்றே கடைச் சுவரில், துணி வெட்டும் மேஜைக்கு மேலே, ஒரு கர்ட்டன் கம்பி அடித்து வைத்திருக்கிறார். கம்பியில் பன்னிரண்டு பித்தளை வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் மிச்சத் துணியில் கத்தரித்த ஒரு பட்டை தொங்கும். பட்டையில் ஆட்டக்காரனுக்கு அவர் வைத்த பட்டப்பெயரும் எத்தனையாவது சீசன் என்பதும் இருக்கும். இடது கோடியில் இருப்பவன் முதலிடம். நடுவில் ஒருவனை நுழைக்க வேண்டுமென்றால் கோடியிலுள்ள குமிழைத் திருகிக் கழற்றி, இருப்பவர்களை உருவியெடுத்து, மறுபடி வரிசையாகக் கோக்க வேண்டும். இந்தக் காரியம் நடக்கும் நாளில் கடையில் வேறு காரியம் நடக்காது.

முதலிடத்தில் ஒட்டடைக்குச்சியின் ஏழாவது சீசன். அடுத்தது மொட்டையின் மூன்றாவது சீசன். இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் வயிற்றெரிச்சல் ஆபீசர் விஷயத்தில்தான். ஆபீசர் என் ஆள். பதினாறு சீசன் ஆடினான், பதினாறிலும் ஒரே அளவு பாயிண்ட், ஒரே முகம், ஒரே தலைசீவல். அவனைக் கடைசியில், பன்னிரண்டாவது இடத்தில் கோத்து வைத்திருந்தார்.

"பதினாறு வருஷம் ஒரு நாள் லீவு போடாம ஆடுனானே சகலை!"

"அதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்கல்ல? உச்சமே இல்லாதவனுக்கு உச்சத்துல எடம் கேட்டா நான் எங்க போவேன்?"

இதற்காக நான் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். வேண்டுமென்றே அவர் கொண்டுவந்த அளவுக்கு அரை அங்குலம் குறைத்துத் தைத்தும் இருக்கிறேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி என்றால் என் மனைவியின் அக்கா, சகலையின் மனைவி. உயரமான ஜன்னல் வேலை எது வந்தாலும் ஏணியைப் பிடிக்க அண்ணிதான் போவார். போய்ச் சும்மா பிடிக்கமாட்டார். சகலை முதல் படியில் கால் வைத்ததும் திட்ட ஆரம்பிப்பார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது, கேட்டுக்கு எண்ணெய் விடாதது, சகலையின் தம்பி போன் எடுக்காதது என்று சங்கிலி அறுபடாமல் போகும். மேலே டிரில் மெஷின் ஓடும், கீழே அண்ணி ஓடுவார். வாடிக்கையாளர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். பாவம் மனுஷன், வேலை செய்யும் இடத்திலும் நிம்மதி இல்லை என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் நாங்கள் நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது.

"மாமா, ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ரேங்க் போடறீங்களே, எங்க அக்காவோட உச்சம் எந்த வருஷம்?"

மூளை என்று ஒன்று இருப்பவன் "எல்லா வருஷமும்தான்" என்று சொல்லியிருப்பான். அது வரவில்லையென்றால் புரையேறியதாக நடித்தாவது தப்பித்திருப்பான். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "காலை எடுங்க சகலை, யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். மோவாயைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். மொட்டைக்கு இடம் ஒதுக்கிய நாளில்கூட அவ்வளவு நேரம் யோசிக்கவில்லை.

"நாலாவது வருஷம்" என்றார்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "நமக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"ஆமா."

"அப்ப நாலுக்கு அப்புறம்?"

"அப்புறமும் மோசம்னு சொல்ல முடியாது. நல்ல சராசரி. நடுவுல அந்த முதுகு வலி வந்ததுல கொஞ்சம் எறங்குச்சு. காயத்தையெல்லாம் நான் கணக்குல எடுத்துக்கிட்டேன்." எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சமாதானம் செய்கிற நினைப்பில் இதையும் சேர்த்தார்: "பதினொண்ணாவது வருஷமும் பரிசீலனையில இருந்துச்சு."

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உச்சம் முடிஞ்சவ எதுக்கு இன்னும் ஆடணும்? நான் ரிட்டயர் ஆயிட்டேன்."

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் சோறு உண்டு, பேச்சு இல்லை. சகலை கடைக்கு வந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"திட்டவே மாட்டேங்கறா சகலை. ஈரத் துண்டை நானாவே கட்டில்ல போட்டுப் பாத்தேன். பாத்துட்டுப் போயிட்டா."

நான் வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது, சொல்லவில்லை. "பேசாம 'இந்த வருஷம்தான் உன் உச்சம்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன்.

"பொய்யா ரேங்க் போடச் சொல்றீங்களா?" என்று என்னைக் கேவலமாகப் பார்த்தார். அப்படிப்பட்டவர் அன்று தானே ஒரு சமரசம் கண்டுபிடித்தார். கம்பியின் குமிழைக் கழற்றினார், அரை நாள் உருவினார், கோத்தார். மாலையில் என் மனைவியிடம் சொல்லி அண்ணியைக் கடைக்கு வரவழைத்தார். சுவரைக் காட்டினார். நல்ல நீலப் பட்டுத் துணியில் வெட்டிய புதுப் பட்டை ஒன்று தொங்கியது. அதில் 'என் மனைவி, நாலாவது சீசன்' என்று இருந்தது. ஒட்டடைக்குச்சிக்கும் மொட்டைக்கும் அடுத்தபடியாக, மூன்றாவது இடத்தில்.

அண்ணி நிதானமாகப் படித்தார். "எனக்கு முன்னாடி இந்த ரெண்டு தடியனுங்க யாரு?"

"அவங்க ரெண்டு பேரும் அந்தந்த சீசன்ல கப்பு ஜெயிச்சாங்கம்மா."

அண்ணி வந்த வழியே போனார். என் ஆபீசர் பதின்மூன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். எனக்கு ஆறுதல் சொல்லவும் ஆளில்லை.

இந்த நிலைமையில்தான் விளையாட்டு அரங்கத்து வேலை வந்தது. உள்ளரங்கக் கூடைப்பந்து மைதானம். கூடை பொருத்தியிருந்த சுவரிலேயே, அதற்கும் மேலே நல்ல உயரத்தில், வரிசையாக ஜன்னல்கள். வெயில் நேராக ஆட்டக்காரர்களின் கண்ணில் அடிக்கிறதாம். மாலைப் போட்டிக்குள் திரை போட்டாக வேண்டும், போடாவிட்டால் பாக்கி ஹால்களின் வேலையும் வேறு கடைக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஏணி பிடிக்க நான் போனேன்.

சகலை டிரில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். ஏறினவர் கூடையின் வளையத்துக்கு நேராக வந்ததும் நின்றார். ஏதோ ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வளையத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணி கடகடவென்று ஆடியது. ஆட்டியது நான் இல்லை, அவருடைய முழங்கால்.

"என்ன சகலை?"

"பயமா இருக்கு."

"எதுக்கு?"

"உயரம்."

இத்தனை வருடம் ஏணியில் பிழைத்தவர் சொல்கிற பேச்சா இது? "எறங்கி வாங்க" என்றேன். முடியாது என்றார். "ஏறிடுங்க" என்றேன். அதுவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, "யாராவது திட்டுங்க சகலை. திட்டினாத்தான் காலு நகரும்" என்றார்.

சரி என்று நான் திட்டினேன். ஆபீசரை மனதில் வைத்துக்கொண்டு மனதாரவே திட்டினேன். எடுபடவில்லை. "உங்களுக்குத் திட்டத் தெரியல சகலை. ஏத்த இறக்கமே இல்ல" என்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எங்களைச் சுற்றிவந்தார். நான் என் மனைவிக்குப் போன் போட்டு, உங்க அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வா, உன் மாமா கூடையில் தொங்குகிறார் என்றேன்.

அண்ணி வந்தார். பாதி பின்னிய தலையோடு, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் என் மனைவியின் செருப்புமாக வந்தார். ஆனால் ஏணியைத் தொடவில்லை. நாலடி தள்ளி நின்றார்.

"ரிட்டயர் ஆனவளை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வந்துட்டியா" என்றார் சகலை, கண்ணைத் திறக்காமல்.

"ஒரே ஒரு கேள்வி. ஏன் நாலாவது வருஷம்? அப்ப ஒல்லியா இருந்தேன், அதானே?"

"நீதான் ஏன்னு கேக்கவே இல்லையே" என்றார். அது உண்மைதான். ஆபீசருக்கு ஏன் கடைசி இடம் என்று கடையில் தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறேன். அண்ணிக்கு ஏன் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

வளையத்தை விடாமல் அங்கிருந்தபடியே சொன்னார். "அந்த வருஷம்தான் தொழிலுக்கு வந்தேன். மொத பெரிய வேலை, உயரமான கட்டடம். பாதி ஏணியில காலு நடுங்கிடுச்சு. எறங்கி வந்து உன்கிட்ட மட்டும் சொன்னேன், இது எனக்கு ஆகாது, விட்டுடறேன்னு. மறுநாள் நீ கூட வந்தே. பயப்படாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, வாடகை வீட்டுக்காரர் மேல இருந்த கோபத்தையெல்லாம் என்மேல கொட்டுனே. நான் 'ம்' போட்டுட்டே ஸ்க்ரூவை முடுக்கினேன். முடிச்சப்புறம்தான் உச்சியில நிக்கறேன்னே தெரிஞ்சது. அன்னையிலேர்ந்து நான் கீழ குனிஞ்சு பாத்ததே இல்ல. உன் சத்தம் கேட்டுச்சுன்னா ஏணி நிக்குதுன்னு அர்த்தம்."

என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அண்ணியைப் போய் இத்தனை காலம் வாயாடி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அண்ணி மெல்லக் கேட்டார். "அப்ப அழகா இருந்ததுக்காக இல்லையா?"

"அழகுக்கெல்லாம் எங்க ரேங்குல மார்க்கே கிடையாதும்மா."

"நல்லா வாயில வருது எனக்கு!" என்று அண்ணி பாய்ந்து வந்து, என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்தார். "மனுஷன் பேசற பேச்சா இது? இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? வாய்ல என்ன வச்சிருந்தீங்க, ஸ்க்ரூவா? அந்த ஈரத் துண்டு இன்னும் கட்டில்லதான் கிடக்கு, மெத்தையே நாறுது..."

சகலையின் கை வளையத்தை விட்டது. ஒரு படி ஏறினார். இன்னொரு படி. துண்டு முடிந்து கேட்டு வந்தது, கேட்டு முடிந்து தம்பி வந்தான். டிரில் மெஷின் ஓட ஆரம்பித்தது. மேனேஜர் நாகரிகமாக அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கடைசி ஸ்க்ரூவுக்கு முன் மேலிருந்து குரல் வந்தது. "வேணும்னா உனக்கு மொத எடமே குடுத்துடட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கப்பு ஜெயிச்சவனுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணி. "ஆனா நானும் ஒரு ரேங்க் வச்சிருக்கேன். அதுல உங்க உச்சம் எந்த வருஷம் தெரியுமா?"

டிரில் நின்றது. "எந்த வருஷம்?"

"இன்னும் வரல."

இருபத்திரண்டு வருடத்தையும் ஒரே வார்த்தையில் கழித்துக் கட்டிவிட்டார், மனுஷன் மறுபடி வளையத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால், மேல்படியில் நின்றுகொண்டு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகக் கீழே குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா சகலை? இன்னும் வரலையாம்!"

மறுநாள் நான் கடைக்குப் போனபோது சுவர்க் கம்பியில் புதிதாக ஒரு வளையம் இருந்தது. இடது கோடியில், ஒட்டடைக்குச்சிக்கும் முன்னால். பட்டையில் ஒன்றும் எழுதவில்லை. இது யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான். எடம் புடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

அண்ணிக்கு நான்காவது இடம் ஆகிவிட்டதே, அவருக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு ஆபீசர் பதினான்காவது இடத்துக்குப் போயிருப்பதைப் பார்த்தேன். பேசாமல் மெஷினில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த அளவில் அரை அங்குலத்தைக் குறைத்தேன்.